கோஷம் போடுபவரும் ஜன்னலோரம் நிற்பவரும்

போராட்டத்துக்குப் போகிற மாணவருக்குத்தான் அக்கறை உண்டு, போகாதவருக்கு இல்லை என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். அது சரியில்லை. 1964-இல் கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவு செய்ய மிசிசிப்பி மாநிலத்துக்குப் போக அமெரிக்க மாணவர்கள் பலர் விண்ணப்பித்தார்கள். சிலர் கடைசியில் விலகினார்கள். இரு தரப்பு விண்ணப்பங்களையும் சமூகவியலாளர் டக் மெக்காடம் ஒப்பிட்டார். கொள்கைப் பிடிப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. போனவர்களுக்கு அமைப்புத் தொடர்புகளும், கூடவே வரும் நெருங்கிய நண்பர்களும் அதிகம்.

போகிறவருக்குப் பதாகையின் மறுமுனையைப் பிடிக்க ஒரு கை இருக்கிறது. சேர்ந்து நின்றால் ஏதாவது மாறும் என்று நம்புகிறார். போகாதவர் வகுப்பறை ஜன்னலோரம் நின்று அதே கோஷத்தை உதட்டுக்குள் சொல்லிப் பார்க்கிறார். உதவித்தொகை போய்விடுமோ, வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம். அக்கறையே இல்லாதவர்களும் உண்டுதான். இவரையும் அந்தக் கணக்கில் சேர்ப்பது எனக்கு வலிக்கிறது. யாரும் வந்து கூப்பிடவில்லை, அப்புறம் எப்படி இறங்கி வருவார்?