இன்லைன் பம்பா, ரோட்டரி பம்பா?

மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் பழைய டிராக்டர் பார்க்கப் போகிறவர்கள் இன்ஜினைத்தான் கேட்கிறார்கள். இன்ஜினுக்குள் டீசலை அழுத்திப் பாய்ச்சும் டீசல் பம்ப் எந்த வகை என்றும் கேளுங்கள்.

அமைப்பு: இன்லைனில் சிலிண்டருக்கு ஒரு எலிமெண்ட் (டீசலைத் தள்ளும் பிளஞ்சர் தண்டும் அதன் கூடும்), எல்லாம் ஒரே வரிசையில், கீழே கேம் ஷாஃப்ட் தள்ளும். விஇ (VE) என்ற வகை ரோட்டரியில் ஒரே பிளஞ்சர்தான். அதுவே முன்னும் பின்னும் போய், சுழன்று, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் ஒவ்வொரு நாசிலுக்கும் டீசலைப் பங்கு வைக்கும்.

மசகு: விஷயமே இங்கேதான். இன்லைனில் கேமும், அது தள்ளும் டாப்பெட்டும் இன்ஜின் ஆயிலில் ஓடும். எலிமெண்டுக்கு மட்டும் டீசல். ரோட்டரிக்கு உள்ளே இருப்பவை எல்லாவற்றுக்கும் டீசலே எண்ணெய். பிளஞ்சருக்கும் அதன் கூட்டுக்கும் இடைவெளி சில மைக்ரான்தான். டீசலில் தண்ணீரோ மண்ணெண்ணெயோ கலந்தால் உராய்ந்துவிடும். டேங்க் காலியாகும்வரை ஓட்டுவதும் அதே கேடு. (சிக்கனம் என்று மண்ணெண்ணெய் ஊற்றுகிறவர்களுக்கு என்ன சொல்ல!)

இன்லைனுக்கும் ஒரு நோய் உண்டு: எலிமெண்ட் தேய்ந்தால் டீசல் கசிந்து ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறினால் சந்தேகப்படுங்கள்.

விலை, எடை: ரோட்டரி குறைவு.
வேலை: கலிபரேஷனுக்கு (டீசல் அளவைச் சரிபார்த்துத் திருத்த) இரண்டுமே டெஸ்ட் பெஞ்சில் ஏற வேண்டும்.

கேனில் டீசல் வாங்கி, தூசியில் நாள் முழுக்க உழுகிறவருக்கு இன்லைன். பெட்ரோல் பங்கில் மட்டும் டீசல் போட்டு, ஃபில்டரை நேரத்துக்கு மாற்றி, மதுரைக்குள் வேன் ஓட்டுகிறவருக்கு ரோட்டரியே போதும்.