முன் கண்ணாடியின் உட்புறம்: செய்தித்தாளா, வினிகரா, நீல திரவமா, ஆல்கஹாலா?

உளுந்தூர்பேட்டை தாண்டி விழுப்புரம் நோக்கி வந்துகொண்டிருந்தோம். இரவு பத்து மணி இருக்கும். எதிர்த்தடத்தில் வந்த லாரி ஹைபீம் போட்டதும் முன் கண்ணாடி முழுக்கப் பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிட்டது. ஓரிரு விநாடி சாலையே தெரியவில்லை. பின்சீட்டில் குழந்தைகள் இரண்டு பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வைப்பரைப் போட்டுத் தண்ணீர் பீய்ச்சினேன், ஒன்றும் மாறவில்லை. விக்கிரவாண்டி சுங்கச்சாவடி வெளிச்சத்தில் ஓரமாக நிறுத்தி, கண்ணாடியின் உள்பக்கம் விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்தேன். கோடு தனியாகத் தெரிந்தது. விரல் நுனியில் பிசுபிசுப்பு.

வாரா வாரம் வாட்டர் வாஷ் கொடுக்கும் கார்தான் அது. வெளியே பளபளப்பாக இருந்தது. உள்ளே படிந்திருந்ததை நான் கவனித்ததே இல்லை.

அந்தப் படலம் வெறும் தூசி இல்லை. அதனால்தான் உலர்ந்த துணியால் துடைத்தால் போவதில்லை. டேஷ்போர்டில் இருக்கும் பிவிசி இயல்பில் கெட்டியான பொருள். அதை மிருதுவாக்க எண்ணெய் போன்ற பொருட்களைக் கலக்கிறார்கள். வெயிலில் நிற்கும் காரில் டேஷ்போர்டு 70 டிகிரி செல்சியஸ் வரை சூடாகும். அப்போது அந்த எண்ணெய்ப் பொருள் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி, தன்னைவிடக் குளிர்ச்சியான கண்ணாடியில் போய்ப் படியும். கார்த் துறையில் இதற்கு ஃபாகிங் என்று பெயர். இதைச் சோதிக்கவே டிஐஎன் 75201 என்று ஒரு ஜெர்மன் தரநிலை இருக்கிறது. டேஷ்போர்டு பொருளை 100 டிகிரியில் சூடாக்கி, மேலே 21 டிகிரியில் ஒரு கண்ணாடித் தகடு வைத்து, மூன்று மணி நேரத்தில் தகடு எவ்வளவு மங்குகிறது என்று பார்ப்பார்கள். நம் ஊர் வெயில் அந்தச் சோதனையை மெதுவாகத் தினமும் நடத்திக்கொண்டிருக்கிறது. இதோடு பிள்ளையாருக்கு ஏற்றும் ஊதுபத்திப் புகை, சென்ட் டப்பா, டேஷ்போர்டுக்குப் போடும் பாலிஷ் எல்லாம் சேரும். மழைக்காலத்தில் கண்ணாடி சட்டென்று பனித்துப் போவதற்கும் இந்தப் படலம் ஒரு காரணம். சுத்தமான கண்ணாடியைவிட அழுக்குக் கண்ணாடியில் நீர்த்துளிகள் எளிதாகப் பிடித்துக்கொள்ளும்.

ஆக, எண்ணெயைக் கரைக்கும் பொருள் வேண்டும், அதுவும் தன் பங்குக்கு எதையும் விட்டுவிட்டுப் போகாத பொருள். இந்த இரண்டையும் வைத்துத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறுமுன், கண்ணாடியின் உட்புறத்தை மாஸ்கிங் டேப் ஒட்டி நான்கு பகுதியாகப் பிரித்தேன்.

முதல் பகுதிக்கு ஈரச் செய்தித்தாள். எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்து கண்ணாடி என்றால் பேப்பர்தான். பகலில் பார்த்தால் உண்மையிலேயே அருமையாக இருந்தது. செய்தித்தாள் தண்ணீரை நன்றாக உறிஞ்சும், பழைய வேட்டித் துணிபோல் நூல் பிசிர் விடாது. ஆனால் மொபைல் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார்த்தபோது வானவில் நிறத்தில் வட்ட வட்டமாகத் தடங்கள். எண்ணெய் போகவில்லை, பரவியிருக்கிறது, அவ்வளவுதான். விரலெல்லாம் மை. முன் கண்ணாடியை ஒட்டிய பக்கவாட்டுத் தூணின் வெளிர் நிற உறையில் ஒரு கறுப்புத் தீற்றல் விழுந்தது, அதைப் போக்கவே பத்து நிமிடம் ஆயிற்று. வீட்டு ஜன்னலுக்கும் பீரோ கண்ணாடிக்கும் பேப்பர் போதும். காருக்குள் எனக்கு இனி அது வேண்டாம்.

இரண்டாவது, வினிகரும் தண்ணீரும் சரிபாதி. வினிகரின் பலம் உப்புக் கறையில் இருக்கிறது. போர்வெல் தண்ணீர் பட்டுக் காய்ந்த வெள்ளைப் புள்ளிகள் இரண்டு துடைப்பில் காணாமல் போயின. எண்ணெய்ப் படலத்திடம் அது திணறுகிறது. நாலு முறை துடைத்த பிறகும் மங்கல் மிச்சம் இருந்தது. வாடை வேறு மதியம் வரை வண்டிக்குள் நின்றது. கண்ணாடியின் வெளிப்புறத்துக்கு வினிகரைத் தாராளமாகச் சொல்வேன், உள்ளே அதற்கு வேலை குறைவு.

மூன்றாவது, கடையில் விற்கும் நீல நிற கிளீனர். குறை சொல்ல முடியாது. இரண்டு சுற்றில் எண்ணெய் போய்விட்டது, ஓரத்தில் மட்டும் ஒரு மெல்லிய கோடு நின்றது. வாங்கும்போது ஒன்றைப் பாருங்கள். அமோனியா கலந்ததென்றால் மூடிய காருக்குள் மூச்சு முட்டும், கண்ணாடியில் சன் ஃபிலிம் இருந்தால் அதையும் நாளடைவில் கெடுக்கும். அமோனியா இல்லாதவையும் கிடைக்கின்றன.

நான்காவது, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால். செல்போன் சர்வீஸ் செய்பவர்கள் போர்டு துடைக்க வைத்திருப்பார்களே, அதுதான். சென்னை ரிச்சி தெரு மாதிரி எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் இடங்களில் ஐபிஏ என்று கேட்டால் தெரியும். அதில் பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர், அதாவது பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர், கலந்தேன். குழாய்த் தண்ணீர் கலந்தால் உப்பு மறுபடி கண்ணாடியில் படியும். துடைத்த அரை நிமிடத்தில் ஈரம் பறந்துவிட்டது. டார்ச் அடித்தேன், தடமே இல்லை. வாயால் ஊதினேன். மற்ற பகுதிகளில் ஊதியபோது பழைய தடங்கள் எழுந்து வந்தன. இங்கே ஒரே சீராகப் பனித்து, ஒரே சீராக மறைந்தது. எனக்கு இதுதான் முதலிடம், சந்தேகமே இல்லை.

ஆனால் இதற்குக் கவனம் வேண்டும். எளிதில் தீப்பிடிக்கும் பொருள். நான்கு கதவையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், ஊதுபத்தி எரியும் நேரம் வேண்டாம். டச் ஸ்கிரீனிலும் டேஷ்போர்டிலும் படவிடாதீர்கள், மேல்பூச்சு கெடலாம். அதனால் எந்த திரவமானாலும் கண்ணாடியில் நேராக அடிக்காமல் துணியில் அடித்துத் துடைப்பதுதான் நல்லது. கொரோனா காலத்தில் வாங்கி மிச்சம் இருக்கும் சானிடைசர் இதற்கு மாற்று ஆகாது. கைக்கு இதமாக இருக்க அதில் கிளிசரின் போன்றவை இருக்கும், அது புதுப் படலமாக நிற்கும். கண்ணாடி துடைக்க ஒரு ரூபாய் பாக்கெட் ஷாம்பு போடுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். பல ஷாம்புகளில் முடியை மினுக்கும் சிலிக்கோன் இருக்கிறது. பல வருடம் தொடாத கண்ணாடி என்றால், அரை லிட்டர் தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் தேய்க்கும் லிக்விட் விட்டு முதலில் ஒரு முறை துடைத்து, நுரைத்தடம் போக வெறும் ஈரத்துணியால் எடுத்துவிட்டு, அப்புறம் ஆல்கஹாலுக்கு வரலாம்.

திரவத்தைப் பற்றி இவ்வளவு சொன்னாலும், அடுத்த வாரம் நான் கண்டுகொண்டது வேறு. அதே ஐபிஏ கலவையைப் பழைய பனியன் துணியில் போட்டுத் துடைத்துப் பார்த்தேன். பேப்பரைவிட மோசம்! பிசிரும் கோடுமாக இருந்தது. நீல கிளீனரையே புதிய மைக்ரோஃபைபர் துணியில் போட்டபோது ஆல்கஹாலுக்குக் கிட்டத்தட்ட சமமாக வந்தது. பாதி வேலை துணியிடம்தான். அதிலும் புசுபுசுவென்று பூத்துவாலை போல இருப்பது கார் பாடிக்கும் டேஷ்போர்டுக்கும். கண்ணாடிக்குத் தட்டையான நெசவு அல்லது கட்டம் கட்டமான வாஃபிள் நெசவு. இரண்டு துணி வேண்டும், ஒன்று ஈரத்துக்கு, ஒன்று உடனே உலர்த்த. துவைக்கும்போது துணி மென்மையாவதற்கென்று ஊற்றும் திரவத்தைச் சேர்க்கவே கூடாது, அது இழைகளில் பூசிக்கொண்டு மறுபடி கண்ணாடியில் தடம் போடும். எங்கள் அடுக்ககத்தில் கார் துடைக்கும் தம்பி, டேஷ்போர்டுக்கு பாலிஷ் போட்ட துணியாலேயே கண்ணாடியையும் துடைத்துக்கொண்டிருந்தார். பாவம், அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கண்ணாடிக்கென்று தனியாக இரண்டு நீலத் துணி வாங்கிக் கொடுத்தேன்.

கையா, நீளப்பிடி வைத்த முக்கோணத் துடைப்பானா என்றால், கை எட்டாத கீழ் மூலைக்குத் துடைப்பான் வசதிதான், ஆனால் அழுத்தம் சரியாக விழாது. நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ஸ்டியரிங் இடிக்காமல், புறங்கை டேஷ்போர்டைப் பார்க்கும்படி துணியை விரலில் சுற்றி அந்த மூலையைத் துடைக்கிறேன். உள்ளே குறுக்காக, வெளியே மேலும் கீழுமாகத் துடையுங்கள். கோடு தெரிந்தால் எந்தப் பக்கத்துக் கோடு என்று உடனே தெரிந்துவிடும்.

ஃபாஸ்டேக் ஒட்டியிருக்கும் இடத்தில் மட்டும் ஒரு விரல் அகலம் விட்டுத் துடையுங்கள். ஆல்கஹால் ஓரத்தில் இறங்கினால் பசை இளகும், பெயர்ந்த டேக் மறுபடி வேலை செய்யாமல் போகலாம்.