பாரிஸ் லாச்சப்பல் பக்கம் ஒரு பிரெஞ்சு வகுப்பு: 'இல்லை' சொல்லப் படித்த ஆறு கிழமை

நான் வேலை செய்யும் குசினியில் ஒரு சனி இரவு, செஃப் அடுப்பை விட்டுத் திரும்பாமலே "யா ப்ளு தெ ரி" என்றார். ப்ளு என்றால் 'கூட' என்று எனக்கு யாரோ சொல்லித் தந்திருந்தார்கள். சோறு இன்னும் இருக்கிறது என்கிறாராக்கும் என்று பேசாமல் கோப்பை கழுவிக்கொண்டு நின்றேன். அவர் சொன்னது சோறு முடிந்துவிட்டது என்று. அடுத்த நாளே வகுப்புத் தேடத் தொடங்கினேன்.

கிடைத்தது ஒரு சங்கம் நடத்தும் தொடக்க வகுப்பு. வருடத்துக்கு 60 யூரோ. செவ்வாயும் வியாழனும் மாலை 3 மணிக்கு, பகல் வேலைக்கும் இரவு வேலைக்கும் நடுவில். எங்களைப் போன்ற குசினிக்காரருக்கு இந்த நேரமே பெரிய உதவி.

ரீச்சர் ஓய்வுபெற்ற ஒரு பிரெஞ்சு அம்மா. எதிர்மறை வசனத்துக்கு மட்டும் ஆறு கிழமை ஒதுக்கினார். உடுப்புக் காயப்போடும் கொடி ஒன்றைக் கட்டி, வினைச்சொல் எழுதிய அட்டையைத் தொங்கவிட்டு, உடுப்புக் கிளிப் இரண்டைத் தந்தார். ஒன்றில் 'நெ', மற்றதில் 'பா'. வினைக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று: ஜெ நெ மான்ஜ் பா, நான் சாப்பிடுவதில்லை. இதுவரை சரி. 'நான் சாப்பிடவில்லை' என்று இறந்தகாலம் வந்தபோது வினை இரண்டு சொல்லாகிவிடும், அதனால் கொடியில் இரண்டு அட்டை. நாங்கள் எல்லோரும் 'பா'வைக் கடைசியில் குத்தினோம். தமிழில் 'இல்லை' கடைசியில்தானே வருகிறது. அவர் ஒன்றும் சொல்லாமல் அந்தக் கிளிப்பைக் கழற்றி, இரண்டு அட்டைக்கும் நடுவில் மாட்டினார்: ஜெ நே பா மான்ஜே. அந்தக் கை அசைவு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

'பா' என்றால் முதலில் காலடி என்றுதான் பொருளாம். பழைய பிரெஞ்சில் 'ஓர் அடி நடக்கவில்லை', 'ஒரு சொட்டுக் குடிக்கவில்லை' என்று சொல்லிச் சொல்லி, அடி மட்டும் எல்லா வினையோடும் ஒட்டிக்கொண்டதாம். நாங்களும் 'ஒரு அடிகூட நகரவில்லை' என்கிறோமே! அதற்குப் பிறகு 'பா' எனக்கு மறக்கவே இல்லை.

எனக்கு ஆகப் பெரிய பலன் தந்தது மருந்துக்கடைப் பயிற்சி. "உங்களுக்கு ஒவ்வாமை இல்லையா?" என்று கேட்டால் நாங்கள் "ஓம், இல்லை" என்போம். அதே பழக்கத்தில் 'வுய்' (ஓம்) என்றால் கடைக்காரருக்குக் குழப்பம்தான். இல்லை என்றால் 'நொன்', இருக்கிறது என்றால் 'ஸி'. மருந்து விஷயத்தில் இது உயிரோடு சம்பந்தப்பட்டது. ஒரு முழு வகுப்பும் ஆளுக்கு ஆள் கேட்டுப் பழகினோம்.

குறையும் உண்டு. 24 பேருக்கு ஒரு சின்ன அறை. 'ப்ளு' என்றால் 'இனி இல்லை', 'ப்ளுஸ்' என்றால் 'இன்னும் கூட'. பின் வரிசையில் இருந்தால் இந்த வித்தியாசம் காதில் விழாது. 'ஒருபோதும்', 'ஒன்றும்', 'ஒருவரும்' மூன்றையும் ஒரே தாளில் அவசரமாக முடித்தார்கள். அப்புறம், பேச்சில் பிரெஞ்சுக்காரர் 'நெ'யை விழுங்கிவிடுவார்கள். 'எனக்குத் தெரியாது' என்பது தெருவில் வெறும் 'ஷே பா'. இதைக் கடைசிக் கிழமையில்தான் சொன்னார்கள். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் வேலையிடத்தில் நாங்கள் கேட்பது அதைத்தான். எழுதும்போது 'நெ' கட்டாயம் என்பதில் ரீச்சர் கண்டிப்பு. அது சரிதான். 2026 ஜனவரியிலிருந்து முதல் தடவை பல வருட வதிவிட அட்டை எடுக்க ஏ2 அளவு (அடியிலிருந்து இரண்டாம் படி) பிரெஞ்சு கேட்கிறார்கள்.

புதிதாக வந்த பிள்ளைகளுக்கு இந்த வகுப்பைத் தாராளமாகச் சொல்வேன். செப்ரெம்பரில் பதிவு தொடங்கும். நேரத்துக்குப் போய் முன் வரிசையில் இருங்கள். நான் இரண்டாம் வருடத்துக்கும் காசு கட்டிவிட்டேன்.