பனிமூட்டத்துக்குள் நிக்கான் டி7200

நிக்கான் டி7200 கெமரா வெளிவந்தது 2015இல். என் கைக்கு அது செக்கன்ட் ஹேண்டாகத்தான் வந்தது. அதிலிருந்து இலங்கை மலையகத்தில் ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கம் கல்யாண வீடு, சடங்கு வீடு, கோயில் திருவிழா எல்லாவற்றுக்கும் இதைத்தான் தூக்கிக்கொண்டு போகிறேன். உள்ளே கண்ணாடி இல்லாத புதிய மிரர்லெஸ் கெமராக்களின் காலத்தில் இதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். தேயிலைத் தோட்டத்துப் பையன்கள் யோசித்துப் பார்க்கக்கூடிய விலைக்கு இந்த ரக கெமராக்கள் இப்போதுதான் இறங்கியிருக்கின்றன, அதற்காகத்தான். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்டவற்றில் பாதி எனக்கு உதவவில்லை. மலையில் தினமும் விரல் தேடிப்போகிற பொத்தான்கள் வேறு.

முதலில் ஷட்டர் பொத்தானுக்குப் பக்கத்திலேயே இருக்கும் பிளஸ் மைனஸ் பொத்தான். வெளிச்சத்தை அளக்கும் கெமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே கணக்குப் போடும். பனி இறங்கி எதிர் மலை மறைந்துவிட்டால் காட்சி முழுக்க வெள்ளை. மீட்டர் அதை நம்பாமல் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். படம் சாயங்காலம் ஆறரை மணிக்கு எடுத்தது போல மங்கி வரும். அந்தப் பொத்தானை அழுத்தியபடி பின்பக்கச் சக்கரத்தைத் திருப்பி பிளஸ் 0.7, மூட்டம் அடர்த்தியென்றால் பிளஸ் 1.3 வரை வெளிச்சத்தைக் கூட்டிக் கொடுத்தால் பனி பனியாக வரும். தொடக்க நிலை கெமராக்களிலும் இந்த வசதி உண்டுதான். ஆனால் அவற்றில் பெரும்பாலும் ஒரே சக்கரம். இதில் கட்டைவிரலுக்கு ஒன்று, சுட்டுவிரலுக்கு ஒன்று. விரல் விறைத்துப்போயிருக்கும் காலை நேரத்தில் மெனுவுக்குள் போய்த் தேடாமல் இருப்பது எவ்வளவு நிம்மதி என்று மலையில் நின்று எடுத்தவர்களுக்குத் தெரியும்.

கஷ்டமான வேலை முகங்கள்தான். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தகரக் கூரைக்குக் கீழே இருட்டு, வெளியே கண் கூசும் வெள்ளை மூட்டம். நடுவில் இடுப்பில் படங்குத் துணி கட்டிய அக்காமார் கொழுந்து நிறுக்க வரிசையில் நிற்கிறார்கள். ஒரு அக்கா நேராகவே சொன்னார்: “தம்பி, போன தடவ வந்தவன் என்னைய கரிச்சட்டி மாதிரி காட்டிட்டான். நீயாவது மூஞ்சி தெரியிற மாதிரி எடு.” எடுத்தவர் மீது மட்டும் குறை சொல்ல முடியாது, முழுக் காட்சியையும் அளக்கும் மேட்ரிக்ஸ் மீட்டரிங்கில் பின்னால் இருக்கும் வெள்ளை ஜெயித்து, முகம் இருண்டுவிடும். ஒரு சிறு இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட்டுக்கு மாற்றி முகத்தில் அளந்தால் இன்னொரு சிக்கல்: கறுத்த தோலையும் கெமரா சாம்பலாக்கப் பார்க்கும், முகம் வெளிறிப்போகும். அதனால் ஸ்பாட்டில் அளந்து மைனஸ் 0.3இலிருந்து 0.7 வரை இறக்குவேன். சுருக்கிப் பதப்படுத்தாத ரா கோப்பாக எடுத்தால், குறைந்த ஐஎஸ்ஓவில் (ஒளி உணர்திறன் அளவு) நிழலைப் பிறகு வெளிச்சமாக்கினாலும் படத்தில் அதிகம் புள்ளி தட்டாது. இந்த சென்சாரின் உண்மையான பலம் அதுதான், 24 மெகாபிக்சல் அல்ல. அக்காவுக்குப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். பார்த்துவிட்டு, சேலை நிறம் சரியாக வந்திருக்கிறது என்றார். முகத்தைப் பற்றிப் பேச்சே இல்லை, ஆகவே பாஸ்!

ஃபோகஸ் புள்ளிகள் 51 என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். அதில் குறுக்கு, நெடுக்கு இரண்டு விளிம்புகளையும் பிடிக்கும் கிராஸ் வகை 15 மட்டுமே, அவையும் நடுவில்தான். மூட்டத்தில் பிடித்துக்கொள்ள விளிம்பு கிடைக்காமல் ஓரப் புள்ளிகள் தடுமாறும், லென்ஸ் முன்னும் பின்னும் ஓடும். நடுப் புள்ளியையே நம்புங்கள். ஏஇ-எல் ஏஎஃப்-எல் பொத்தானை ஃபோகஸ் பொத்தானாக மாற்றிவைத்தால், ஒருமுறை பிடித்த ஃபோகஸ் ஷட்டரை அழுத்தும்போது நகராது.

இரவில் மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்து, தீப்பந்த வெளிச்சம். இங்கேதான் நடுத்தர ரகத்துக்குக் கொடுத்த காசு தெரியும். உடலுக்குள்ளேயே ஃபோகஸ் மோட்டார் இருப்பதால் தனக்குள் மோட்டார் இல்லாத பழைய 50 மி.மீ. எஃப்1.8 டி லென்ஸ் இதில் தானாக ஃபோகஸ் செய்யும். தொடக்க நிலை நிக்கான்களில் கையால் திருக வேண்டியதுதான். ஐஎஸ்ஓ 3200 தாராளம், 6400 அவசரத்துக்கு. ஒளியின் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் நெருப்பின் மஞ்சளைக் குறைத்துவிடும். வெயில் குறியில் வையுங்கள்.

நொடிக்கு 6 படம் என்பதெல்லாம் எனக்குச் சும்மாதான் கிடக்கிறது. தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயில் வருகிற வேகத்துக்கு ஒவ்வொரு படமாகவே எடுக்கலாம். வைஃபை பக்கம் போவதில்லை. திரை மடங்காது, ஆகவே தேயிலைச் செடி உயரத்தில் எடுக்க முழங்கால் போட வேண்டும். இரத்தம் உறிஞ்சும் அட்டைகள் இருக்கும் காலத்தில் அது ஒரு தனி அனுபவம். இரண்டு மெமரி கார்டு போடும் வசதி மட்டும் கல்யாண வேலைக்குக் கட்டாயம் என்பேன்.

மழைக் காப்பு உடலுக்கு உண்டு, ஆனால் கெமராவில் பொருந்தும் மவுண்டில் ரப்பர் வளையம் இல்லாத லென்ஸைப் போட்டால் அதில் பயனில்லை. ஜூன் ஜூலையில் ஹட்டன் பக்கம் தூறல் ஓயாது. பெரிய எதிரி பூஞ்சணம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பத மீட்டர், இது போதும். மீட்டரின் முள் 40க்கும் 50 சதவீதத்துக்கும் இடையே நிற்கட்டும். அரிசிக்குள் புதைக்கச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள், தூசிதான் மிச்சம். குளிரிலிருந்து அடுப்பு எரியும் காம்பராவுக்குள் (லயன் வீட்டு அறைக்குள்) வந்தவுடன் பையைத் திறக்கவும் வேண்டாம், லென்ஸ் வேர்த்துவிடும். ஒரு பிளேன்டீ குடித்து முடிக்கும்வரை பொறுங்கள்.

இதைப் பழையதாக வாங்குகிறவர்கள் இதுவரை எத்தனை படம் எடுத்தது என்று காட்டும் ஷட்டர் எண்ணிக்கையோடு நிற்க வேண்டாம். லென்ஸைக் கழற்றி, ஒரு பக்கமிருந்து டார்ச் அடித்து மறுபக்கமாகப் பாருங்கள். சிலந்தி நூல் போல ஏதாவது தெரிந்தால் அந்த லென்ஸ் வேண்டாம். இரண்டு கார்டு துவாரத்திலும் கார்டு போட்டு எடுத்துப் பார்த்துவிட்டு, பிறகு விலை பேசுங்கள்.