கார்வெட் சி3: உள்ளே ஏறும் சூட்டை எங்கே மறிப்பது?

1968 முதல் 1982 வரை வந்த செவ்ரலே கார்வெட்டை, அதாவது மூன்றாம் தலைமுறை சி3-ஐ, கோடையில் ஓட்டியவர்களிடம் கேட்டால் முதலில் வரும் புகார் கால் வேகிறது என்பதுதான். நீண்ட மூக்குக்குள் 5 லிட்டர் முதல் 7.4 லிட்டர் வரை கொண்ட வி8 இன்ஜின். ஓட்டுநரின் வலது காலை உரசுகிற மாதிரி கியர்பாக்ஸ் டனல். இருக்கைக்குக் கீழே, சேஸியின் குறுக்குச் சட்டத்தில் போட்ட ஓட்டைகள் வழியாகப் போகும் எக்ஸாஸ்ட் குழாய்கள். 1975 வரை வந்த கார்களில் இவற்றுக்கும் ஆளுக்கும் நடுவில் இருப்பது சில மில்லிமீட்டர் ஃபைபர்கிளாஸ் மட்டுமே. ஃபைபர்கிளாஸ் இரும்பைவிடச் சூட்டை மிகக் குறைவாகத்தான் கடத்தும். ஆனால் அந்த மெல்லிசான தடிமனில் அது பெரிய தடை ஒன்றும் இல்லை.

இதற்கு மருந்து என்று சந்தையில் விற்பவை ஏராளம். பளபளக்கும் ஒட்டுப் பாய், நுரைத் தகடு, எக்ஸாஸ்ட் சுற்றும் பட்டை, செராமிக் பூச்சு, உலோகத் தடுப்பு, புது ஏசி. பெரும்பாலானவர்கள் முதலில் வாங்குவது பாயைத்தான். என் கணக்கில் அது வரிசையின் கடைசியில் வரவேண்டிய பொருள். ஏன் என்பதற்கு ஒவ்வொன்றையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கலாம்.

பாயா, ஓட்டை அடைப்பா?

கடைகளில் அதிகம் போவது அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டைல் ரப்பர் பாய். அது பிறந்ததே அதிர்வை அடக்கத்தான். தகடு தடதடவென்று அடிப்பதைக் கனமான ரப்பர் விழுங்கிக்கொள்ளும், அந்த வேலையில் குறை சொல்ல முடியாது. சூட்டைத் தடுப்பதில்தான் வீக். அதே தடிமனுள்ள மூடிய அறை நுரை (ஒன்றோடொன்று இணையாத காற்றுக் குமிழிகள் கொண்டது) பியூட்டைலைவிட ஐந்து மடங்குக்குக் குறையாமல் சூட்டைத் தடுக்கும். சரி, மேலே இருக்கும் அந்த வெள்ளித் தாள்? அது பிரதிபலிப்பது கதிர்வீச்சை மட்டும். அதற்கும் தாளுக்கு முன்னால் காற்று இடைவெளி வேண்டும். தாள்மேல் கார்பெட்டை அழுத்திப் போட்ட அடுத்த கணம் அது பிரதிபலிப்பானாக இருப்பதை விட்டுவிட்டு, சூட்டை நன்றாகக் கடத்தும் ஓர் அலுமினியத் தாளாகிவிடுகிறது.

அதனால் பாய் என்று போனால் இரண்டு அடுக்கு: அதிர்வுக்கு அங்கங்கே கொஞ்சம் பியூட்டைல், அதன்மேல் தரை முழுக்க நுரை. தரை முழுவதும் பியூட்டைல் ஒட்டுவது காசையும் எடையையும் சேர்ப்பதோடு சரி. கூரைக்கு ஒட்டும் தார்ப் பட்டையை மலிவு என்று வாங்கி ஒட்டுபவர்களும் உண்டு. வெயிலில் தார் இளகிக் கார் முழுக்க நாறும், கார்பெட்டிலும் இறங்கும். வீட்டுக்கு வாங்கும் குமிழித் தாள் அதைவிட மோசம். பாலித்தீன் சுமார் 110 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் அதற்கு வேலையே இல்லை.

ஓட்டை அடைப்பது இத்தனை கவர்ச்சியான வேலை இல்லை. டப்பாவில் பளபளவென்று வருவதும் இல்லை. ஆனால் இன்ஜின் அறைக்கும் கேபினுக்கும் நடுவே இருக்கும் சுவரை, சி3-ன் ஃபயர்வாலை, கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்: ஸ்பீடோமீட்டர் கேபிள், வயர்க் கட்டு, கிளட்ச் தண்டு, ஸ்டியரிங் தூண், ஹீட்டர் பெட்டி, ஏசி குழாய்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஓட்டை, ஒவ்வொரு ஓட்டைக்கும் அரை நூற்றாண்டு வயதான ஒரு ரப்பர். காய்ந்து வெடித்திருக்கும், இல்லை காணாமலே போயிருக்கும். இவை போதாதென்று கியர் லிவருக்குக் கீழே இருக்கும் உறையும் கிழிந்திருக்கும்.

இந்தக் காரில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. ஜன்னலை இறக்கியோ, கழற்றக்கூடிய டி-டாப் கூரைப் பலகைகளை எடுத்துவிட்டோ ஓட்டினால் கேபினுக்குள் காற்றழுத்தம் வெளியைவிடக் குறையும். இன்ஜின் அறையில் அழுத்தம் கூடுதல். ஆக, ஒவ்வொரு ஓட்டையும் சுடுகாற்றை உள்ளே இழுக்கும் குழாயாகிவிடும். காற்றுக்காகக் கூரையைத் திறந்தால் காலில் கூடுதலாகச் சுடுவது இதனால்தான். எண்ணில் பார்த்தால்: வினாடிக்கு 5 லிட்டர் அளவில் 80 டிகிரிக் காற்று 30 டிகிரி கேபினுக்குள் வந்தால், அது கொண்டுவரும் சூடு சுமார் 250 வாட். 5 லிட்டர் என்பது கிழிந்த இரண்டு ரப்பருக்குப் பெரிய அளவே இல்லை. இதை விட்டுவிட்டுத் தரையில் நுரை போடுவது, ஒழுகும் கூரையைப் பார்க்காமல் கீழே தடிமனாகப் பாய் விரிப்பது போலத்தான்.

கண்டுபிடிப்பது சுலபம். இரவில் இன்ஜின் அறையில் பிரகாசமான ஒரு விளக்கை வைத்து, பானட்டை முடிந்தவரை இறக்கிவிட்டு, உள்ளே இருட்டில் உட்கார்ந்து பாருங்கள். வெளிச்சம் வரும் இடமெல்லாம் சூடும் வரும். அதோடு, சுடுகாற்று வரும் வழியில் எக்ஸாஸ்ட் புகையும் வரலாம். கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. சொகுசு வேண்டாம் என்பவர்களும் ஓட்டையை அடைக்கத்தான் வேண்டும். ரப்பர் குரோமெட்டுகளும் (ஓட்டை விளிம்பில் பொருந்தும் வளையங்கள்) தீத்தடுப்புப் பசையும் ஒரு பாய்ப் பெட்டியின் விலையில் சிறு பங்குதான். இந்தப் போட்டியில் எனக்குத் தயக்கமே இல்லை.

ஹீட்டர்: பலரும் பார்க்காத எதிரி

டாஷ்போர்டுக்குள், பயணி பக்கம், ஹீட்டர் கோர் என்ற சின்ன ரேடியேட்டர் இருக்கிறது. இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட் 82 அல்லது 90 டிகிரியில் திறக்கும் வகை என்பதால், அந்தச் சூட்டுத் தண்ணீர்தான் இதிலும் ஓடும். ஏசியோடு வந்த சி3-களில் ஹீட்டர் குழாயில் வேக்யூமால், அதாவது இன்ஜினின் உறிஞ்சு விசையால், இயங்கும் ஒரு வால்வு உண்டு. ஏசி இல்லாமல் வந்த கார்களில் அது கிடையாது. ஹீட்டரை அணைத்தாலும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். சூட்டை மறிப்பது உள்ளே இருக்கும் ஒரு கதவும் அதன் நுரை விளிம்பும்தான். அந்த நுரை எப்போதோ பொடியாகியிருக்கும். வால்வு உள்ள கார்களிலும், அதை மூடுவது வேக்யூம் என்பதால், ஒரு ரப்பர் குழாய் வெடித்தால் வால்வு திறந்தபடியே நின்றுவிடும்.

ஆகஸ்ட் மாதத்தில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு ஓட்டுவதும் இதுவும் ஒன்றுதான். கைவால்வு ஒன்றைக் குழாயில் மாட்டினால் தீர்ந்தது. கோரை மட்டும் தவிர்த்து, தண்ணீர் சுற்றிவர வழிவிடும் நான்கு வாய் வால்வு இன்னும் நல்லது. வேலை குறைவு, பலன் உடனே கையில் தெரியும். பழைய ஏசியைப் புதுப்பிக்கப் பணம் எண்ணும் முன் இதைச் செய்யாதவர்கள், ஒரு பக்கம் ஹீட்டரையும் மறு பக்கம் ஏசியையும் மோதவிட்டுக் காசு கொடுக்கிறார்கள்.

ஏசியைப் பற்றி இங்கேயே முடித்துவிடுகிறேன். தொழிற்சாலை ஏசி ஆர்-12 என்ற குளிரூட்டும் வாயுவுக்காகச் செய்தது. அமெரிக்காவில் அதன் உற்பத்தி 1995 முடிவோடு நின்றது. அதற்குப் பதிலாக வந்த ஆர்-134ஏ-வுக்கு மாற்றினால், வாயுவின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரையும் புதிய வகைக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் சிக்னலில் நிற்கும்போது குளிர் கிடைக்காது. அந்தக் கண்டென்சர் தன் சூட்டை ரேடியேட்டருக்கு முன்னால்தான் கொட்டும். அதனால் ரேடியேட்டரைச் சுற்றியுள்ள நுரை அடைப்பும், பம்பருக்குக் கீழே காற்றை மேலே திருப்பும் தடுப்பும் சரியாக இருக்கவேண்டும். ஏசி சூட்டைத் தடுப்பதில்லை, வந்த சூட்டை வெளியே அள்ளுகிறது. அதனால் அதை இந்தப் போட்டியில் சேர்க்க எனக்கு மனமில்லை.

எக்ஸாஸ்ட்: பட்டை, பூச்சு, தடுப்பு

உண்மையான சண்டை இங்கேதான். எக்ஸாஸ்ட் குழாயிலிருந்து தரைக்கு வரும் சூட்டில் பெரும் பங்கு கதிர்வீச்சு. கதிர்வீச்சு வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் ஏறும். 300 டிகிரி செல்சியஸில் இருக்கும் கரும்பரப்பு ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 6,100 வாட் வீசும். அதே பரப்பு 200 டிகிரிக்கு இறங்கினால் 2,800 வாட்தான். மேற்பரப்பை நூறு டிகிரி இறக்கினால் வீசும் சூடு பாதிக்கும் கீழே போய்விடுகிறது. மூன்று போட்டியாளர்களும் இந்தக் கணக்கைத்தான் வெவ்வேறு வழியில் பயன்படுத்துகிறார்கள்.

பட்டை மூன்றிலும் மலிவு. கண்ணாடி இழையிலோ எரிமலைப் பாறையான பசால்ட் இழையிலோ நெய்தது. நனைத்து, குழாயில் இறுக்கிச் சுற்றி, எஃகுக் கம்பியால் கட்டவேண்டும். முதல் ஓட்டத்தில் கொஞ்சம் புகையும், அது பயப்படவேண்டியதில்லை. வெளிப்பரப்பின் சூடு நன்றாகவே இறங்கும். ஆனால் தப்பமுடியாத சூடு குழாயின் உலோகத்திலேயே தங்கும். ஈரமும் பட்டைக்குள் தங்கும். சாதா எஃகு ஹெடர்கள் (சிலிண்டர்களிலிருந்து புகையை எடுத்துச்செல்லும் மெல்லிய குழாய்கள்) உள்ளுக்குள்ளேயே அரித்துப்போவது இப்படித்தான். பட்டை சுற்றினால் உத்தரவாதம் செல்லாது என்று சொல்லும் ஹெடர் தயாரிப்பாளர்களும் உண்டு. இன்னொரு ஆபத்து, பழைய வி8-களில் வால்வ் கவர் எண்ணெய் கசிவது சாதாரணம். சொட்டிய எண்ணெயைப் பட்டை உறிஞ்சி வைத்துக்கொண்டால் தீப்பிடிக்க வேறெதுவும் தேவையில்லை. துருப்பிடிக்காத எஃகுக் குழாயில், தரைக்குக் கீழே, எண்ணெய் சொட்டாத ஓரடி இரண்டடி தூரத்துக்குப் பட்டை சரி. ஹெடர் முழுக்கச் சுற்றுவது எனக்கு உடன்பாடு இல்லை.

செராமிக் பூச்சு அழகிலும் ஆயுளிலும் முதலிடம். உள்ளும் புறமும் பூசினால் ஈரம் தேங்காது, எண்ணெய் ஊறாது, துருவும் தள்ளிப்போகும். இன்ஜின் அறை குளிர்வது பானட்டைத் திறந்தாலே தெரியும். ஆனால் ஹெடரைக் கழற்றி, பழைய துருவை மணல் வீசி எடுத்து, பூச்சுக்கடைக்கு அனுப்பிக் காத்திருக்கவேண்டும். புது ஹெடர் போடும்போதே பூசி வாங்கினால்தான் லாபம். அதே வேலையைச் செய்யும் தடித்த வார்ப்பிரும்பு மேனிஃபோல்டுடன் வந்த காரில், சூட்டைக் குறைக்கவென்று பூச்சிட்ட ஹெடருக்கு மாறுவது அர்த்தமில்லாத செலவு. ஹெடரின் மெல்லிய குழாய்களுக்குப் பரப்பு அதிகம், அவை கால் பக்கம் நெருங்கியும் வரும். வார்ப்பிரும்பு நிறுத்திய பிறகு நெடுநேரம் சுடும் என்பது உண்மைதான், ஆனால் அப்போது நீங்கள் காரில் இல்லை.

உலோகத் தடுப்புதான் இங்கே என் தேர்வு. குழாய்க்கும் தரைக்கும் நடுவில், இரண்டையும் தொடாமல், ஒரு பளபளத் தகடு. மங்கிய இரண்டு பரப்புகளுக்கு நடுவே நன்றாகப் பிரதிபலிக்கும் ஒரு தகடு நின்றால், ஏட்டுக் கணக்கில் கதிர்வீச்சு பதினாறில் ஒரு பங்காகக் குறையும். சாலையின் தூசியும் சேறும் படிந்தபின் அந்த அளவுக்கு வராது. ஆனால் முழுக்க மங்கிப்போன தகடு கூடப் பாதியைத் தடுக்கும். இரண்டு பக்கமும் காற்று ஓடுவதால், தகடு வாங்கிய சூட்டையும் ஓட்டத்திலேயே இழந்துவிடும். ஈரம் தேங்காது, கசிவு வந்தால் கண்ணில் படும், வேண்டாம் என்றால் கழற்றிவிடலாம்.

1975 வரை வந்த கார்களில் ஃபைபர்கிளாஸ் தரை என்பதால் பொருத்துவதில்தான் சிக்கல். அதில் வெல்டிங் நடக்காது. திருகு போட்டால் புது ஓட்டை, அப்புறம் அதையும் அடைக்கவேண்டும். இதற்கு வழி, குழாயிலேயே கவ்விகளால் மாட்டும் அரைவட்டத் தடுப்புகள். சின்னக் கால்கள் தகட்டைக் குழாயிலிருந்து ஒரு சென்டிமீட்டராவது தள்ளி நிறுத்தும். கியர்பாக்ஸ் டனலின் உள்பக்கத்துக்கு மட்டும், புடைப்பு அலுமினியமும் கண்ணாடி இழையும் சேர்ந்த ஒட்டுத் தகடு பரவாயில்லை. அங்கே தாளுக்கு முன் காற்று இடைவெளி இருக்கிறது, கேபின் உள்ளே ஒட்டினால் இல்லாதது அதுதான்.

டைமிங்கும் கன்வெர்ட்டரும்

எதையும் ஒட்டாமல், சுற்றாமல் சூட்டைக் குறைக்கும் வழி ஒன்று உண்டு: டைமிங், அதாவது தீப்பொறி வரும் நேரத்தைச் சரிசெய்வது. 1970 முதல் செவ்ரலே கார்களில் கீழ் கியர்களில் வேக்யூம் அட்வான்ஸை (உறிஞ்சு விசையால் தீப்பொறியை முன்கூட்டியே வரவைப்பது) வெட்டும் ஏற்பாடு வந்தது. நோக்கம், புகை மாசைக் குறைப்பது. தீப்பொறி தாமதமானால் எரிதலும் தாமதமாகும், பிஸ்டனைத் தள்ளவேண்டிய சூட்டில் ஒரு பங்கு மேனிஃபோல்டுக்குப் போய்விடும். இன்று அந்த ஏற்பாடு பாதி வேலை செய்து பாதி செய்யாமல் கிடக்கும் கார்கள் நிறைய. தீப்பொறியைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்யூம் டயஃப்ரம் கிழிந்திருந்தாலும் இதே கதை. கையால் இயக்கும் வேக்யூம் பம்பும் டைமிங் விளக்கும் இருந்தால் பார்த்துவிடலாம். உங்கள் மாநிலத்தில் புகைச் சோதனை இருந்தால் தொழிற்சாலை அளவுக்குள்ளேயே நில்லுங்கள். டைமிங்கை எல்லை மீறி முன்னே தள்ளினால், எரிபொருள் தானாக வெடிக்கும் நாக்கிங் வந்து பிஸ்டன் போகும், அதற்குச் சுடுகிற காலே மேல்.

1975-இல் எக்ஸாஸ்ட் புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வந்ததும் கணக்கு மாறியது. இரு பக்க எக்ஸாஸ்டும் ஒன்றுசேர்ந்து ஒரே கன்வெர்ட்டருக்குள் போய், பிறகு மறுபடி பிரியும். 1976 மாடலில் தரைக்கு எஃகுப் பலகைகள் போட்டார்கள், கன்வெர்ட்டர் சூட்டிலிருந்து காப்பதும் அதில் ஒரு நோக்கம். ஆக, 1975 கார் நடுவில் மாட்டிக்கொண்ட கார்: சூடு புதிது, தரை பழையது. அந்த ஓராண்டுக் காருக்கு மட்டும் என் வரிசை மாறும், ரப்பர் ஓட்டைகளுக்கும் முன்னால் கன்வெர்ட்டருக்கு மேல் தடுப்பு. கன்வெர்ட்டரையே கழற்றி எறிந்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு, அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் அதை அனுமதிப்பதில்லை.

கன்வெர்ட்டர் வழக்கத்தைவிடச் சுட்டால் தடுப்பு வாங்குவதற்கு முன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கறுத்து ஈரமாக இருந்தால், கார்புரேட்டர் பெட்ரோலை அதிகம் ஊற்றுகிறது, அல்லது ஏதோ ஒரு சிலிண்டர் எரிக்காமல் விடுகிறது. எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, அதன் வெளி உறையையே சிவக்க வைக்கும். அந்த நிலையில் மேலே எத்தனை தகடு மாட்டினாலும் வீண்தான், முதலில் கார்புரேட்டரைச் சரிசெய்யுங்கள்.