லிசா லோபின் ராக் ஆல்பங்கள்: நெடுநாள் கேட்டபின் தோன்றியவை

அமெரிக்கப் பாடகி லிசா லோபின் 'நோ ஃபேரி டேல்' ஆல்பத்தை ஹெட்ஃபோனில் கேட்காதீர்கள். வெளிவந்த காலத்திலிருந்து கேட்டுவருகிறவன் என்ற உரிமையில் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்பீக்கரில், அடுத்த அறைவரை எட்டும் அளவுக்குச் சத்தம் வைத்தால்தான் அதற்கு உயிர் வருகிறது. காதுக்குள் வைத்துக்கொண்டால் கிட்டார்களும் டிரம்ஸும் மூச்சுவிட இடம் தராமல் மோதுகின்றன. நாலைந்து பாட்டுகளுக்குள் அலுத்துவிடும்.

லிசா லோப் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது 1994இல் வந்த 'ஸ்டே' பாட்டுதான். எந்த இசை நிறுவனத்தோடும் ஒப்பந்தம் இல்லாத நிலையில், அமெரிக்காவின் பில்போர்டு பாடல் தரவரிசைப் பட்டியலில் முதலிடம் பிடித்தவர். அந்தப் பாட்டுக்கு நடிகர் ஈதன் ஹாக் இயக்கிய வீடியோவில், வெறும் அறைக்குள் நடந்தபடியே பாடும் கண்ணாடிக்காரப் பெண் அவர். (பிற்பாடு தன் பெயரிலேயே கண்ணாடி ஃபிரேம்களையும் விற்பனைக்குக் கொண்டுவந்தார். கெட்டிக்காரி!)

எங்கள் வீட்டிலோ அவர் பிள்ளைகளுக்கான பாடகி. கோடை முகாம் பாட்டுகளைக் கொண்ட 'கேம்ப் லிசா' 2008இல் வந்தது. என் மகளுக்கு அது மனப்பாடம். பெரியவர்களுக்காக அவர் புதிதாகச் செய்த ஆல்பம் 2004க்குப் பிறகு 2013 ஜனவரியில்தான் வந்தது. அதுதான் 'நோ ஃபேரி டேல்'. தயாரிப்பில் கைகொடுத்தவர் நியூ ஃபவுண்ட் குளோரி என்ற பாப்-பங்க் (வேகமும் இரைச்சலும் மிகுந்த ராக் வகை) குழுவின் கிட்டார் கலைஞர் சாட் கில்பர்ட். அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

அவருடைய குரல் சிறியது. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற குரல். அதைச் சுற்றி இத்தனை டிஸ்டார்ஷன் (கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்குவது) எதற்கு என்ற எரிச்சல் எனக்குச் சில காலம் இருந்தது. கேட்கக் கேட்கத்தான் வேறொன்று பிடிபட்டது: அவ்வளவு இரைச்சலிலும் ஒரு சொல்கூடத் தேய்வதில்லை. பிள்ளைகளுக்குப் பாடிய பழக்கம் இதற்கு உதவியிருக்கும் என்பது என் ஊகம். சொல் விளங்காவிட்டால் பிள்ளைகள் எழுந்து போய்விடுவார்கள். பெரியவர்கள் மரியாதைக்காகவாவது உட்கார்ந்திருப்பார்கள். தலைப்புப் பாட்டும் 'தி நைன்டீஸ்' (தொண்ணூறுகள்) பாட்டும் இன்றும் எனக்குப் பழசாகவில்லை. தன் புகழின் உச்சக் காலத்தைப் பற்றி இவ்வளவு துள்ளலாகப் பாட ஒரு தெம்பு வேண்டும். ஆல்பத்தின் பின்பாதியில் சில பாட்டுகளை இப்போதெல்லாம் தாண்டிவிடுகிறேன்.

இந்த ஆல்பத்தைப் பெரியவர்களுக்கான இசைக்குத் 'திரும்பி வருதல்' என்று சொல்வதில் எனக்கு அவ்வளவு உடன்பாடில்லை. 2013க்குப் பிறகு அவர் மறுபடியும் பிள்ளைகள் பக்கம் போனார். 2016இல் வெளியான 'ஃபீல் வாட் யூ ஃபீல்' ஆல்பத்துக்கு 2018இல் சிறந்த சிறுவர் ஆல்பத்துக்கான கிராமி கிடைத்தது. பிறகு 2020 பிப்ரவரியில் மீண்டும் பெரியவர்களுக்காக 'எ சிம்பிள் ட்ரிக் டு ஹேப்பினஸ்'. கொரோனாவால் உலகெங்கும் கச்சேரிகள் நின்றுபோவதற்குச் சில வாரங்கள் முன்பு வந்த ஆல்பம் அது. அதற்குரிய கவனம் கிடைக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

நாள்பட நாள்பட நின்றது இந்த 2020 ஆல்பம்தான். கிட்டார்கள் சற்று விலகி நிற்கின்றன, குரலுக்கு இடம் கிடைக்கிறது. இரவில் ஹெட்ஃபோனிலும் கேட்கலாம். 'ஸ்கெலிட்டன்' பாட்டை நான் அடிக்கடி திரும்ப ஓடவிடுவதுண்டு. 'சிங் அவுட்' கொஞ்சம் பிரசங்கம்போல எனக்குப் படுகிறது. மகளுக்கோ அதுதான் பிடித்த பாட்டு.

புதிதாகக் கேட்கப்போகிறவர்கள் 2020 ஆல்பத்தில் தொடங்குங்கள். 'நோ ஃபேரி டேல்' நீண்ட கார் பயணத்துக்கு நன்றாக இருக்கும். முன்பாதி முடிந்ததும் மாற்றிக்கொள்ளலாம்.