ஊரில் வாங்கிய புதுப் போனில் ‘ரீஸ்டோர் பர்ச்சேஸ்’ வேலை செய்யாவிட்டால்

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு ஊர் வருகிறவர்கள் அப்பா அம்மாவுக்குப் புது ஆண்ட்ராய்டு போன் வாங்கித் தருவது வழக்கம். கடைப் பையன்கள் படம், தொடர்பு எண்கள், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் பொறுமையாக மாற்றித் தருகிறார்கள். அந்தச் சேவையைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் பழைய பாஸ்வேர்டு நினைவில்லை என்றால் உடனே புது ஜிமெயில் ஒன்றைத் தொடங்கிவிடுகிறார்கள். காசு கொடுத்து விளம்பரத்தை நீக்கிய காலண்டர் செயலி மறுபடி பணம் கேட்பதும், முன்பு வாங்கியதை மீட்டுத் தரும் ‘ரீஸ்டோர் பர்ச்சேஸ்’ பொத்தான் வேலை செய்யாததும் இதனால்தான். வாங்கியது பழைய ஜிமெயிலின் பெயரில் இருக்கிறது. போனுக்கும் சிம்முக்கும் அதில் சம்பந்தமே இல்லை.

பழைய ஜிமெயிலைப் போனில் சேர்த்தால் மட்டும் போதாது. எந்தக் கணக்கிலிருந்து செயலியை இறக்கினோமோ, பெரும்பாலும் அந்தக் கணக்கைத்தான் பிளே ஸ்டோர் பார்க்கும். எனவே செயலியை நீக்குங்கள். பிளே ஸ்டோரில் மேல் மூலையிலுள்ள படத்தைத் தொட்டுப் பழைய கணக்குக்கு மாறி, அங்கிருந்தே மறுபடி இறக்குங்கள். பிறகு செயலிக்குள் போய் ‘ரீஸ்டோர்’ அழுத்துங்கள். கடையில் ஒரு போனிலிருந்து இன்னொன்றுக்கு நேராக அனுப்பிய செயலியையும் இப்படித்தான் சரிசெய்ய வேண்டும்.

அப்போதும் வரவில்லையா? ‘வாங்கு’ பொத்தானைத் தொட்டுப் பாருங்கள், பணம் மட்டும் கட்டாதீர்கள். கீழிருந்து எழும் கட்டணத் திரையில் எந்த மின்னஞ்சல் இருக்கிறது என்று பார்த்துவிட்டு மூடிவிடுங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே தெரிந்துவிடும்.

ஐபோனில் ஐகிளவுடுக்கு ஒரு கணக்கும் ஆப் ஸ்டோருக்கு வேறொரு கணக்கும் இருக்கலாம். செட்டிங்ஸில் பெயரைத் தொட்டு ‘மீடியா அண்ட் பர்ச்சேசஸ்’ பகுதியைப் பாருங்கள். பிள்ளைகளின் போன் என்றால் செட்டிங்ஸிலுள்ள ‘ஸ்கிரீன் டைம்’ கட்டுப்பாடுகளில் செயலிக்குள் வாங்குவது தடுக்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஊருக்கு வந்தவுடன் கணக்கின் நாட்டை இந்தியாவுக்கு மாற்றாதீர்கள். ரீஸ்டோர் செய்ய அது தேவையே இல்லை. கூகுளில் ஆண்டுக்கு ஒருமுறைதான் மாற்றலாம், பழைய நாட்டில் இருக்கும் பிளே இருப்புத்தொகையைப் புது நாட்டில் செலவழிக்க முடியாது. ஆப்பிளிலோ சந்தாக்களை நிறுத்தி, இருப்பையும் தீர்த்த பிறகே மாற்ற விடுவார்கள்.

விமானம் ஏறுமுன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கணக்கில் நுழையும்போது கேட்கும் சரிபார்ப்புக் குறியீடு பெரும்பாலும் வெளிநாட்டு எண்ணுக்குத்தான் வரும். உள்ளூர் சிம் போடுவதற்காக அந்தச் சிம்மைக் கழற்றிவிட்டால் கணக்குக்குள்ளேயே நுழைய முடியாமல் போகலாம். ஊரிலுள்ள நம்பிக்கையான ஒருவரின் எண்ணையும் முன்கூட்டியே கணக்கில் சேர்த்துவையுங்கள்.

விளையாட்டில் வாங்கிச் செலவழித்த காசு, வைரம் போன்றவை ரீஸ்டோரில் திரும்பாது. ஆண்ட்ராய்டில் வாங்கியது ஐபோனுக்குத் தானாக வராது. செயலிக்கென்று தனி லாகின் இருந்தால்தான் வழி உண்டு. எல்லாம் சரியாக இருந்தும் வாங்கியது கிடைக்காவிட்டால், ரசீது மின்னஞ்சலில் உள்ள ஆர்டர் எண்ணைச் செயலி செய்தவர்களுக்கு அனுப்புங்கள். கூகுளில் அது ‘ஜிபிஏ’ என்ற எழுத்துகளில் தொடங்கும்.